வார்டுக்குள் வக்காலத்து: நான்காம் முறை நிற்க நினைக்கும் வழக்கறிஞருக்கு

கேள்வி: எனக்கு வயது 48. தென்மாவட்டத்தில் ஒரு இரண்டாம் நிலை நகராட்சி ஊரில் 22 வருடமாக சிவில் பிராக்டீஸ். 2006, 2011, 2022 என மூன்று முறை கவுன்சிலர் தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றுவிட்டேன். கடைசி முறை பதிவான 1,196 ஓட்டில் வென்றவருக்கு 468, அடுத்தவருக்கு 391, எனக்கு 203, மற்றவர்களுக்கு 134. ஆண்கள் சாவடியில் 139 வாங்கிய எனக்குப் பெண்கள் சாவடியில் கிடைத்தது 64தான். 2011இல் 241 வாங்கியிருந்தேன். ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் ஆறு மாதம் வழக்குகள் குறைந்துபோகின்றன. கோர்ட்டில் 'தேர்தல் மன்னன்' என்றே கூப்பிடுகிறார்கள். நகராட்சியை எதிர்த்து இரண்டு வழக்குகள் நடத்தி வருகிறேன், ஊருக்கு அது தெரியும். நான்காம் முறை நிற்கலாமா? ஏதாவது கட்சியில் சேர்ந்து சீட் கேட்கலாமா? வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டால் மனைவியை நிறுத்தலாமா? அவர் 'போதும்' என்கிறார்.

பதில்: அன்புள்ள வழக்கறிஞர் நண்பருக்கு வணக்கம்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். இந்த 22 வருடத்தில் அந்த வார்டுக்குள்ளேயே இரு தரப்பும் குடியிருக்கும் வழக்குகள் எத்தனை நடத்தியிருப்பீர்கள்? பழைய டைரிகளையும் கேஸ் கட்டுகளையும் குமாஸ்தாவோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை புரட்டுங்கள். பாகப்பிரிவினை, பொதுச்சுவர், நடைபாதை, வாடகைக்காரரைக் காலி செய்வது, புரோநோட்டு என எல்லாவற்றிலும் பிரதிவாதிகளின் முகவரியை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பாகப்பிரிவினை வழக்கில் வாதி ஒருவராகவும் பிரதிவாதிகள் நான்கைந்து பேராகவும் இருப்பதுதான் வழக்கம். 15 வழக்கு, வழக்குக்கு மூன்று எதிர்க்குடும்பம், குடும்பத்துக்கு மூன்று ஓட்டு என்று வைத்தாலே 135 ஓட்டு. நீங்கள் வாங்கிய மொத்த ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு அது. நீங்கள் வழக்கை ஜெயித்துக் கொடுத்த கட்சிக்காரர் (உங்கள் கிளையன்ட்) ஃபீஸ் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று போய்விடுவார். தோற்றவர் வீட்டில் உங்கள் பெயர் இருபது வருடம் ஆனாலும் பேச்சில் வரும்.

சிறிய ஊரில் தேர்தலில் நிற்கும் சிவில் வக்கீல்கள் பலரும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். 'ஊரில் எல்லாருக்கும் என்னைத் தெரியும்' என்பது உண்மைதான். எந்த வழியாகத் தெரியும் என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. ராஜாஜி சேலத்தில் வக்கீலாக இருந்தபடியே 1917இல் நகராட்சித் தலைவரானாரே என்று பார் அசோசியேஷனில் யாராவது உதாரணம் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் வரி கட்டும் சொத்துக்காரர்களுக்குத்தான் ஓட்டு. வக்கீலுக்குக் கட்சிக்காரர்களாக இருந்தவர்களும் அவர்களே. இப்போது உங்கள் வார்டில் 18 வயது நிறைந்த எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறது, எதிர்மனுதாரருக்கும் சேர்த்து.

ஆகவே என் முதல் யோசனை: மறுபடி நிற்பதாக இருந்தால், இன்றிலிருந்து இரு தரப்பும் வார்டுக்குள் இருக்கும் வழக்குக்கு வக்காலத்து வாங்காதீர்கள். விபத்து நஷ்டஈடு, நுகர்வோர் வழக்கு, வங்கி, இன்சூரன்ஸ், வெளியூர்ச் சொத்து என எதிர்தரப்பு வார்டில் ஓட்டில்லாதவராக இருந்தால் தாராளமாக எடுங்கள். வார்டுக்காரர்கள் பங்காளிச் சண்டையோடு வந்தால் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப் போய் வழக்குக்கு முந்தைய சமரசமாக மனு கொடுக்க வையுங்கள். மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி உத்தரவு வந்தால் அது டிக்ரிக்கு, அதாவது கோர்ட்டின் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்பதே நிறையப் பேருக்குத் தெரியாது. இதில் உங்களுக்கு ஃபீஸ் போகும். போகட்டும். வருடத்துக்கு எவ்வளவு போகும் என்று டைரியை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்து, அந்த இழப்பைத் தாங்க முடியாது என்று தெரிந்தால் தேர்தலை விட்டுவிடுங்கள். அந்த வார்டு உங்களுக்குப் பிழைப்பைத் தர வேண்டும் அல்லது ஓட்டைத் தர வேண்டும். இரண்டையும் தராது என்பதை மூன்று தேர்தல் காட்டிவிட்டது.

அடுத்தது, நீங்கள் பெருமையாக எழுதிய நகராட்சிக்கு எதிரான இரண்டு வழக்குகள். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். 1994ஆம் வருட ஊராட்சிகள் சட்டத்தின் 37ஆவது பிரிவு, ஊராட்சிக்காகச் சம்பளம் பெற்று வாதாடும் வழக்கறிஞரையும், அந்த ஊராட்சிக்கு எதிராக வாதாடும் வழக்கறிஞரையும் தேர்தலுக்குத் தகுதியற்றவர்கள் என்கிறது. நகராட்சிகளை நெடுங்காலம் ஆண்ட 1920ஆம் வருடச் சட்டத்திலும் இதே வாசகம் இருந்தது. 1998ஆம் வருட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 2022இல் நீங்கள் பார்த்த சட்டப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அடுத்த தேர்தலுக்குப் போகாதீர்கள். புதிய சட்டத்தின் தகுதியின்மைப் பிரிவுகளை விதிகளோடு சேர்த்து வரிவரியாக வாசியுங்கள். கடந்த முறை யாரும் ஆட்சேபிக்கவில்லை என்பது ஆறுதல் ஆகாது. 203 ஓட்டு வாங்கியவர் வேட்புமனுவை யாரும் தோண்ட மாட்டார்கள். ஜெயிக்கும் நிலைக்கு வந்துவிட்டால் பரிசீலனை நாளிலேயே தோண்டுவார்கள். அன்று தப்பினாலும் தேர்தல் வழக்கில் வந்து நிற்கும்.

வழக்கை விடுவதும் ஒரு நாள் வேலை இல்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் மூன்றாம் கட்டளை நான்காம் விதிப்படி, கோர்ட் அனுமதியோடு எழுத்தில் முடித்துக்கொள்ளும் வரை உங்கள் வக்காலத்து உயிரோடு இருக்கும். வேறு வக்கீலிடம் கட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் மட்டும் விடுபட்டதாகாது. பார் கவுன்சில் விதிப்படி கட்சிக்காரருக்குப் போதிய அவகாசத்தோடு அறிவிப்பு தர வேண்டும், உழைக்காத பங்குக்கான ஃபீஸைத் திருப்பித் தர வேண்டும், புதிதாக வருபவருக்கு உங்கள் சம்மதத்தையும் தர வேண்டும். மூன்று மாதம் முன்னதாகவே இதை முடித்து, அனுமதி உத்தரவின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் ஜனவரி 28இல் அறிவிப்பு வந்து பிப்ரவரி 4இல் மனு தாக்கல் முடிந்துவிட்டது. அந்த எட்டு நாளில் காப்பி அப்ளிகேஷன் போட்டு நகல் வாங்க முடியாது.

பாக்கிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணத்தை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். வக்கீல்கள் மறப்பது தொழில் வரி. அரையாண்டுக்கு ஒருமுறை நகராட்சிக்குக் கட்ட வேண்டியது, வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது. நோட்டீஸ் வந்து கட்டாமல் கிடந்தால் அந்தச் சின்னத் தொகை மனுவையே கவிழ்த்துவிடும். நகராட்சி வணிக வளாகத்தில் அலுவலகம் வைத்திருந்தால் கடை வாடகைக்கும் பாக்கியில்லை என்று எழுதி வாங்குங்கள். வேட்புமனுவோடு தரும் உறுதிமொழி ஆவணத்தில் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாமல் 'இல்லை' என்று எழுதுங்கள். கோர்ட் புறக்கணிப்பு, சாலை மறியல் நாட்களில் கும்பலோடு கும்பலாக உங்கள் பெயரும் முதல் தகவல் அறிக்கையில் ஏறியிருக்கலாம். காவல் நிலையத்தில் விசாரித்துவிட்டு எழுதுங்கள். முன்மொழிபவர் அதே வார்டின் பட்டியலில் இருக்க வேண்டும். பக்கத்துத் தெரு நண்பர் என்று கையெழுத்து வாங்கி, அந்தத் தெரு அடுத்த வார்டாகப் போயிருந்தால் மனு அங்கேயே முடிந்தது.

சுவரொட்டி விஷயத்தில் ஒன்று. கறுப்புக் கவுனும் கழுத்துப்பட்டையும் அணிந்த படத்தைப் போடாதீர்கள். கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் அவற்றை அணியக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. மறைமுக விளம்பரத்தையும் 36ஆவது விதி தடுக்கிறது. 'வென்றால் வார்டு மக்களுக்கு இலவசமாக வழக்கு நடத்துவேன்' என்ற வாக்குறுதியும் ஆபத்தானதே. ஒரு பக்கம் அது வேலை தேடுவதாகவும், இன்னொரு பக்கம் ஓட்டுக்குக் கையூட்டாகவும் படிக்கப்படும். பெயருக்குப் பின்னால் 'வழக்கறிஞர்' என்ற ஒரு சொல் போதும். வேட்டி சட்டைப் படம் போடுங்கள்.

இனி உங்கள் எண்கள். 241இலிருந்து 203ஆகக் குறைந்துவிட்டேன் என்று வருந்துகிறீர்கள். 2011க்கும் 2022க்கும் நடுவில் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டன. வார்டு எண் அதுவாகவே இருந்தாலும் தெருக்கள் மாறியிருக்கும். இரண்டு பட்டியல்களையும் தெருவாரியாக வைத்துப் பார்க்காமல் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளில்லை. பதிவான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு 199 என்பதால், நான்கே ஓட்டில் டெபாசிட் பிழைத்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 139க்கும் 64க்கும் உள்ள இடைவெளி. ஆண், பெண் சாவடி தனித்தனியாக இருந்ததால் இந்தத் தகவல் உங்களுக்குக் கிடைத்தது, பல வேட்பாளர்களுக்குக் கிடைக்காது. டீக்கடையிலும் கோர்ட் வளாகத்திலும் உங்களைப் பார்க்கும் ஆண்கள் ஓரளவு ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். பெண்கள் உங்களைச் சந்திக்கும் இடமே இல்லை. வார்டின் அன்றாடம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, எந்தக் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எந்தச் சந்துக்குள் வருவதில்லை என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அங்கே உங்கள் படிப்புக்கு வேலை இருக்கிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது மனு நிராகரிக்கப்பட்டவர்கள் இ-சேவை மூலம் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய 30 நாள் கொடுத்தார்கள். அந்த ஒரு பக்க விண்ணப்பத்தைச் சரியாக எழுதத் தெரியாமல் விட்டவர்கள் உங்கள் தெருவிலும் இருந்திருப்பார்கள். ஓராண்டுக்கு மேல் பதியாமல் விட்ட பிறப்பு இறப்புக்குக் கோட்டாட்சியர் உத்தரவு வாங்குவது, இறந்த மாமனார் பெயரில் ஓடும் வீட்டு வரியைப் பெயர் மாற்றுவது, வாரிசுச் சான்றிதழ் என எல்லாமே காகித வேலை. உங்களுக்கு அரைமணி நேரத்தில் முடியும், அந்தக் குடும்பத்துக்கு ஆறு மாத அலைச்சல் மிச்சமாகும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தெரு, வீடு, என்ன மனு, கொடுத்த தேதி, முடிந்த தேதி என்று எழுதி வையுங்கள். பணம் வாங்காதீர்கள், ஓட்டைப் பற்றிப் பேசாதீர்கள்.

நகராட்சியைத் தட்டிக் கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. வழக்காகக் கேட்பதை நிறுத்துங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தில், வார்டைப் பகுதிகளாகப் பிரித்து வாக்காளர்களைக் கூட்டிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. உங்கள் பகுதிக் கூட்டத்துக்கு வாக்காளராகப் போய் உட்காருங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனுவில் ஐந்து வருடப் பணிகளின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, அளவுப் புத்தக (செய்த வேலையின் அளவைக் குறிக்கும் பதிவேடு) நகல் மூன்றையும் கேட்டு வாங்கி, கூட்டத்தில் ஒரே ஒரு பணியைப் பற்றி மட்டும் பேசுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் அவிழ்த்தால் கேட்பவர்களுக்கு எதுவும் மனதில் நிற்காது. ஒரு வாய்க்கால், அதன் நீளம், போட்ட பணம், இன்றைய நிலை. அது போதும்.

பிரசாரத்துக்கு உண்மையில் எத்தனை நாள் கிடைக்கிறது என்பதையும் பாருங்கள். 2022இல் பிப்ரவரி 7இல் வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைகளுக்குச் சின்னம் கிடைத்தது. 17ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பிரசாரம் முடிந்தது. பத்தே நாள். வார்டில் 520 வீடு இருந்தால் நாளைக்கு 52 வீடு, வீட்டுக்கு நான்கு நிமிடம் என்றால் மூன்றரை மணி நேரம். அதில் சின்னத்தைச் சொல்ல மட்டுமே நேரம் இருக்கும், நீங்கள் யார் என்று சொல்ல நேரம் இருக்காது. ஆகவே அறிமுகம் முன்பே முடிந்திருக்க வேண்டும். சின்னம் கேட்கும்போது கறுப்பு வெள்ளையில் சின்ன அளவில் அச்சிட்டாலும் பாட்டிக்கு அடையாளம் தெரியும் பொருளாகக் கேளுங்கள். சின்னத்துக்கு இடம் விட்டு நோட்டீஸ் வடிவத்தை அச்சகத்தில் முன்பே தயாராக வையுங்கள், ஒரு நாள் மிச்சமாகும். சாவடி ஏஜென்டாக ஜூனியர்களை உட்கார வைக்கும் தவற்றை வக்கீல்கள் எல்லாரும் செய்கிறார்கள். ஜூனியருக்குச் சட்டம் தெரியும், முகம் தெரியாது. ஓய்வு பெற்ற தபால்காரர், ரேஷன் கடையில் வேலை பார்த்தவர் போல வார்டின் முகங்கள் தெரிந்தவராகப் பாருங்கள். மாதிரி வாக்குப்பதிவுக்கு அவர் காலை 6 மணிக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும்.

செலவு வரம்பு கடந்த முறை உங்கள் வகை நகராட்சிக்கு 34,000 ரூபாய், டெபாசிட் 2,000. முடிவு வந்து 30 நாளுக்குள் கணக்கு தராவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது. தோற்றவர்கள்தான் இதை அலட்சியமாக விடுகிறார்கள். ஆனால் உங்கள் பெரிய செலவு அந்தக் கணக்கில் வராதது. வழக்குகள் ஆறு மாதம் குறைகின்றன என்கிறீர்கள். அதற்குக் காரணம் நீங்கள் தோற்றது இல்லை என்றே நினைக்கிறேன். பிரசார வாரங்களில் ஆஜராகாமல் விட்ட வழக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒரு மனு ஆஜராகாத காரணத்தால் தள்ளுபடி, அதாவது 'டிஸ்மிஸ் ஃபார் டிஃபால்ட்' ஆனாலோ, ஒருதலைப்பட்ச டிக்ரி வந்தாலோ அந்தக் கட்சிக்காரர் பத்துப் பேரிடம் சொல்வார். டிக்ரியை ரத்து செய்ய 30 நாள்தான் கெடு, அதையும் தவறவிட்டால் தாமத மன்னிப்பு மனு வேறு. தேர்தல் தேதி தெரிந்தவுடன் குமாஸ்தாவிடம் அடுத்த 40 நாளுக்கான வாய்தாப் பட்டியல் எழுதச் சொல்லுங்கள். சாட்சி விசாரணை, வாதம், வெறும் வாய்தா என மூன்றாகப் பிரித்து, முதல் இரண்டுக்கும் முன்கூட்டியே தேதி மாற்றிக் கேளுங்கள். மீதியை நம்பகமான ஒரே ஒரு நண்பரிடம் ஒப்படையுங்கள். ஐந்து பேருக்குப் பிரித்துக் கொடுத்தால் ஒருவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். கட்சிக்காரர்களுக்கு நீங்களே போன் செய்து யார் வருவார் என்று சொல்லுங்கள். வென்றாலும் பிராக்டீஸ் தொடரத்தான் வேண்டும். நகராட்சி உறுப்பினருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம், அதில் வீடு நடக்காது.

கட்சி பற்றிக் கேட்டீர்கள். உங்களுக்கு உண்மையான பற்று இருக்கும் கட்சி எதுவும் கடிதத்தில் இல்லை. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு சேரும் வக்கீலுக்கு வழக்கறிஞர் அணியில் ஒரு பொறுப்பும், கட்சித் தொண்டர்களுக்கு ஜாமீன் எடுக்கும் வேலையும் கிடைக்கும். சீட்டு, பத்து வருடம் சுவர் எழுதிய வார்டு செயலாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ போகும், போவதே நியாயம். நகரச் செயலாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பிப் பிராக்டீஸை விட்டுவிடாதீர்கள். கட்சி வேட்பாளர் என்று உறுதி செய்யும் படிவம் கடைசி நேரத்தில் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வேட்பாளர்.

'தேர்தல் மன்னன்' என்று சொல்பவர்கள் தேர்தல்தோறும் நின்று தோற்கும் மேட்டூர் பத்மராஜனை நினைத்துச் சொல்கிறார்கள். அவர் 1988இலிருந்து நிற்பது வெல்வதற்காக அல்ல, யாரும் நிற்கலாம் என்று காட்டுவதற்காக, அதை அவரே சொல்லியிருக்கிறார். உங்கள் நோக்கம் வேறு. ஆகவே உங்களுக்கு ஒரு எல்லை தேவை. நோட்டுப் புத்தகத்தில் முடிந்த வேலைகள் 150 வீட்டைத் தொடவில்லை என்றால் இந்த முறை மனு போடாதீர்கள். இன்னொன்று, முன்கூட்டிக் கடன் வாங்காதீர்கள். இப்போதைய நகராட்சி மன்றங்கள் பதவியேற்றது 2022 மார்ச் 2இல், ஐந்து வருடம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடியும். அதற்குள் தேர்தல் வந்துவிடும் என்று நகையை அடகு வைக்க வேண்டாம். 2016இல் அறிவித்த தேர்தல் கோர்ட்டில் ரத்தாகி, நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. அன்று வட்டிக்கு வாங்கியவர்கள் ஐந்து வருடத்துக்கு மேல் வட்டி கட்டினார்கள்.

மனைவியைப் பற்றி. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் 50 சதவீதம் பெண்களுக்கு. உங்கள் வார்டும் மாறலாம். ஆனால் அவர் 'போதும்' என்று சொல்லியிருக்கிறார். அதைச் சட்டச் சிக்கல்போல் சுற்றி வளைத்துக் கடக்கப் பார்க்காதீர்கள். அவருக்கே விருப்பம் இருந்தால் தவிர அவர் பெயரில் மனு போட வேண்டாம். வார்டு பெண்களுக்கானால், நோட்டுப் புத்தகத்தில் உள்ள வீடுகளுக்கு உண்மையாகவே அலையும் பெண் ஒருவர் இருப்பார். அவருக்கு முன்மொழிபவராகக் கையெழுத்துப் போடுங்கள், உறுதிமொழி ஆவணத்தை நிரப்பிக் கொடுங்கள், எண்ணிக்கை மேசையில் ஏஜென்டாக உட்காருங்கள். அந்த முடிவையும் மனைவியிடம் மூன்று தேர்தலின் முழுக் கணக்கையும், அதாவது செலவழித்த பணம், வராமல் போன ஃபீஸ், இன்னும் மீட்காத நகை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் காட்டிவிட்டு, அவர் சொல்வதை முழுவதுமாகக் கேட்ட பிறகு எடுங்கள்.